மண்டபத்தை விட்டு வெளியே போன நான்கு நிமிடங்கள்

இத்தால் சகலருக்கும், விசேடமாக இன்னும் பிறக்காத என் மகனுக்கு, அறியத்தருவது யாதெனில்: மாத்தளைப் பக்கம் யட்டவத்தவுக்கு மேலே உள்ள மிளகுத் தோட்டம் ஒன்றில், நேற்றுக் காலை ஏழு மணியளவில், என் மேலுதட்டில் பல மாதங்களாகக் குடியிருந்த மீசை உத்தியோகபூர்வமாக அகற்றப்பட்டது. நிகழ்வுக்கு அப்பாவின் சவரக்கத்தி தலைமை தாங்கியது. சேத விபரம், வலது மூலையில் ஒரு வெட்டும் அதன்மேல் ஒட்டிய ஒரு பத்திரிகைத் துண்டும். நாடே துக்கம் அனுட்டிக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூஞ்சி கழுவிட்டியா, நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான். மீசை இருந்த விடயமே அவருக்குத் தெரியாது.

எனக்குப் பதினெட்டு வயது. மகன் இல்லை. மகனுக்கு அம்மாவாகப் போகிறவர் யாரென்றும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு என்னைத் தெரியாது. பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தகப்பன்மாருக்கு ஒரு வியாதி இருக்கிறது. "ஒன் வயசுல நான்" என்று தொடங்குவார்கள். என் அப்பா பதினெட்டு வயதில் ஒரு மூட்டை மிளகைத் தோளில் வைத்து மேட்டுக் களஞ்சியம் வரை ஏறினாராம். போன வருடம் சொன்னபோது அது இரண்டு மூட்டையாகிவிட்டது. இந்தத் தைப்பொங்கலுக்கு மூன்று. நானும் ஒருநாள் அப்பாவாவேன், எனக்கும் அந்த வியாதி வரும். ஆகவே சம்பவம் ஆறிப்போவதற்கு முன்னால், உன் அப்பாவின் பதினெட்டாவது வயதை எழுதி வைக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது என்னைவிட மூத்தவனாக இருப்பாய். கொஞ்சம் மரியாதையாக வாசி. நீ மகளாகப் பிறந்திருந்தால், மகனே என்று வரும் இடங்களை மகளே என்று சுருதி மாற்றி வாசித்துக்கொள்.

முதலில் பெருமைகள். உன் அப்பா ஓர் இசையமைப்பாளர். தோட்டத்தில் இதை யாரிடம் சொன்னாலும் "எந்தப் படத்துக்கு?" என்று கேட்கிறார்கள். படம் இல்லை என்றால், "அப்ப பாட்டு யாரு பாடுறது?" பாட்டும் இல்லை என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். செல்லோ, தப்பு மேளம், தேவாலயப் பாடகர் குழு என்று ஒன்றையொன்று முகம் பார்த்திராதவர்களை ஒரே தாளில் எழுதி உட்கார வைத்து, ஒரு மண்டபத்தில் கேட்பதற்காக மட்டும் ஆக்கப்படும் இசை என்னுடையது. நடனம் இல்லை, நாயகன் இல்லை, முடிவில் சாப்பாடும் இல்லை. உலகத்தில் இதையே வாழ்க்கையாக்கி, இரண்டு மூன்று நாட்டு இசையைக் கலந்து எழுதி, பெரிய மண்டபங்களில் பெயர் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். யட்டவத்தவிலிருந்து இன்னும் ஒருவரும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப நான் மனமிரங்கிச் சம்மதித்திருக்கிறேன். மிச்சம் இருப்பது வெள்ளிக்கிழமை மட்டும்தான். கொழும்பில் ஓர் இசைக் கல்லூரி, இப்படி எழுதுகிறவர்களில் சிலரை மட்டும் எடுத்து மூன்று வருடம் படிப்பிக்கிறது. போன மாதம் அவர்கள் மாத்தளைக்கு வந்து என் படைப்பைக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் அதன் முழு இசைக்குறிப்போடு அங்கே போய் நிற்க வேண்டும். எடுத்தால் மூன்று வருடம் கொழும்பு. எடுக்காவிட்டால் கலேவெலவில் மாமாவின் ஹாட்வெயார் கடையில் ஒரு ஸ்டூல் எனக்காகத் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மாமா நல்லவர். ஸ்டூலும் நல்லதுதான்.

இந்த வேலைக்குள் நான் வந்த வழி குறும்பு வழி. என் அப்பா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், அம்மா தேவாலயத்துக்குப் போகிறவர். எங்கள் வீட்டுச் சுவரில் மாதாவும் மாரியாத்தாவும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்குகிறார்கள். இதுவரை சண்டை வந்ததில்லை, சண்டை எல்லாம் கீழே மனிதர்களுக்குத்தான். பதினைந்து வயதில் நான் தேவாலயத்தில் ஓகன் வாசித்தேன். ஒரு திருவிழாப் பூசையில், எல்லோரும் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது, காவடி மெட்டு ஒன்றை எடுத்து, மூன்று மடங்கு மெதுவாக்கி, கீழே கனமான சுரங்களைக் கொடுத்து, மிகவும் பக்தியாக வாசித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வரிசை மட்டும் மெல்ல ஆடத் தொடங்கியது. முன்வரிசையில் ஒரு மாமியின் தோள் இடமும் வலமுமாகப் போனது. பாடகர் குழுவில் நின்ற அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஓகனில் கட்டை கிடையாது. பூசை முடிந்ததும் காதைப் பிடித்தார். "ஏன்டா, மாதாவுக்குக் காவடியா எடுக்குற?" பின்னால் வந்த பாதர், "விடுங்க, நானும்தான் ஆடிட்டேன். அடுத்த ஞாயிறும் வாசி தம்பி, ஆனா முன்கூட்டியே எனக்குச் சொல்லிரு" என்றார். மகனே, குறும்பு செய்வதென்றால் மெதுவாகச் செய். வேகமாகச் செய்தால் அடி விழும். மெதுவாகச் செய்தால் கலை என்பார்கள்.

அன்றிலிருந்து எழுதினேன். பாடசாலைக்குப் போகும் பஸ்ஸில், தொலைபேசியில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு, எழுதியதை உடனே காதில் கேட்டுக்கேட்டு எழுதினேன். அப்படி வந்ததுதான் அந்தப் பதினான்கு நிமிடப் படைப்பு. செல்லோ தனியாகத் தொடங்கும், அம்மாவின் பாடகர் குழு சொல் இல்லாமல் நான்கு குரலில் சேரும், பிறகு மூன்று தப்பு இறங்கும். தப்பை அடிப்பவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. அவரோடு இன்னும் இரண்டு பேர். தப்பு அடிப்பது அவர் தொழில், தப்புச் செய்வது என் தொழில் என்று குடும்பத்தில் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. இசைக்குறிப்பை அவரிடம் கொடுத்தபோது நேராகவும் தலைகீழாகவும் பார்த்தார். "அஞ்சு கம்பி கட்டி மிளகு காயப் போட்ருக்க. இத நான் எங்கருந்து அள்ளுறது?" வாயால் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் தடவையே பிடித்துக்கொண்டார், மூன்றாம் தடவை என்னைத் திருத்தினார். செல்லோவுக்கு அந்தக் கல்லூரியிலிருந்து மாணவி ஒருத்தியை அனுப்பினார்கள். பெயர் திலினி, லக்கலவில் வயல் செய்கிறவர்களின் மகள். செல்லோ வயலினுக்குப் பெரியப்பா முறை, முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும். மூன்று தப்பும் ஒன்றாக இறங்கியபோது அவள் பயப்படுவாள் என்று பார்த்தேன். "எங்க ஊர்ல யானைக்கு வெடி போடுறது இத விட சத்தம்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு வில்லை எடுத்தாள்.

அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் ஒரு காலத்தில் சித்தப்பாவோடு தப்பு அடித்தவர். தோட்டத்து லொறிக்குச் சாரதியானதும் விட்டுவிட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அது என் பிழைகளில் ஒன்று. தகப்பன் ஒன்றை விட்டுவிட்டான் என்றால் ஏன் என்று கேள், மகனே, என்னையும் கேள். மண்டபத்தில் தப்பு என்று சொன்ன அன்றுதான் அப்பா வாயைத் திறந்தார். "கல்யாணமோ சாவோ, எங்கள வெளிய நிக்க வச்சிதான் அடிக்கச் சொல்லுவாங்க. தேத்தண்ணியும் வெளியதான். நீ உள்ள கூப்புட்டுப் போய் அவமானப்படுத்தப் போற." நான் காலம் மாறிவிட்டது என்று ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "ஆளுங்கள லொறில கொண்டாந்து விடுறேன். உள்ள நான் வர மாட்டேன்" என்றார்.

இனி உன் அப்பாவின் மகத்தான நாள். அன்று மாத்தளையில் காலையிலிருந்து மழை. மண்டபத்துக்குள் ஏசி. முன்வரிசையில் கொழும்பிலிருந்து வந்த மூன்று பேர், நடுவில் எல்லோரும் மேடம் என்று அழைத்த தலைவி. நான் கறுப்புக் காற்சட்டையோடு முன்னே நின்று கையசைத்து நடத்தினேன். செல்லோ வந்தது, குரல்கள் வந்தன, தப்பு இறங்கியது. ஏழாவது நிமிடத்தில் அந்த அதிசயம். தப்புக்காரர் மூவரும் வாசிப்பதை நிறுத்தி, நடுவழியால் நடந்து மண்டபத்தை விட்டு வெளியே போனார்கள். நான் ஒரு கையை உயர்த்தி அப்படியே சிலைபோல நின்றேன். செல்லோ ஒரே ஒரு அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக ஒலித்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு வெளியே, மழைச் சத்தத்துக்குள்ளிருந்து, மூடிய கதவின் வழியாக ஒற்றை அடி ஒன்று வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று, முன்னதைவிடக் கொஞ்சம் உயர்ந்த நாதத்தில். அடுத்தது அதைவிட உயர. ஒவ்வோர் அடிக்கும் செல்லோவும் தன் சுரத்தை ஏற்றியது. கதவுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, ஒன்றையொன்று தேடிக்கொண்டு போவதுபோல இருந்தது. நான்காவது நிமிடத்தில் கதவு திறந்தது. மூவரும் இறுக்கமான, கண்ணாடி மாதிரியான நாதத்தோடு அடித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள், குரல்கள் எழுந்தன, முடிந்தது. சனம் எழுந்து நின்றது. மேடம் என்னைக் கூப்பிட்டு, அவர்களை வெளியே அனுப்பும் எண்ணம் எப்படி வந்தது என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் ஊரில் காலங்காலமாக வெளியே நிறுத்தப்பட்ட இசை இது, அந்த வெளியையே படைப்பின் நடுவே வைத்தேன் என்றேன். அதை இரண்டு மொழியில் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கே கொஞ்சம் கலங்கியது.

நேற்று முன்தினம் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை முழு இசைக்குறிப்பையும் கொண்டுவர வேண்டும், முக்கியமாக அந்த நான்கு நிமிடத்தை எப்படிக் குறித்திருக்கிறேன் என்று மேடம் பார்க்க விரும்புகிறார் என்றார்கள். ஆகவே காலையிலிருந்து இசைக்குறிப்பை விரித்து வைத்து, பென்சிலைச் சீவிச்சீவி, உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பென்சில் பாதியாகிவிட்டது. உன்னிடம் ஒன்று சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாதுபோல இருக்கிறது.

அந்த நான்கு நிமிடம் இசைக்குறிப்பில் இல்லை. ஏழாவது நிமிடத்துக்கு நேரே மூன்று தப்புக்கும் சுரம் நெருக்கி நெருக்கி எழுதியிருக்கிறேன், மூச்சுவிட இடமில்லை. தப்பு தோல் வாத்தியம். நெருப்பில் காட்டிக் காய்ச்சினால்தான் தோல் இறுகி நாதம் வரும், குளிர் பட்டால் தளர்ந்து, ஈரச் சாக்கைத் தட்டியதுபோல ஆகிவிடும். அதனால்தான் எந்தத் தப்புக்காரரும் இடையிடையே நிறுத்தி நெருப்பண்டை போவார். இது எங்கள் தோட்டத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். உலகப் புகழ் பெறப்போகும் எனக்கு மட்டும் தெரியவில்லை. என் தொலைபேசியில் இருந்த தப்புக்குக் குளிரவே இல்லை. ஒத்திகையில் சித்தப்பா கேட்டார், "காய்ச்சுறதுக்கு எங்க எடம் வச்சிருக்க?" தோட்டத்து மைதானத்தில் நல்ல வெயில் நாள் அது. "அதெல்லாம் வேணாம் சித்தப்பா, பதினாலு நிமிசந்தானே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தப்பை எடுத்துக்கொண்டார். மழையும் ஏசியும் சேர்ந்தபோது ஏழாவது நிமிடத்தில் மூன்று தப்பும் செத்தன. செத்த தப்பை அடிக்க சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. எழுந்து போய்விட்டார்.

திலினி தன் இசைக்குறிப்புப் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் கை உயர்ந்திருந்ததால், பிடித்துக்கொள் என்கிறேன் என்று நினைத்து அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டாள். வெளியிலிருந்து அடி வந்தபோது அதன் பின்னால் போனதும் அவளே. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியே நடந்தது எனக்குத் திரும்பி வரும் வழியில்தான் தெரிந்தது. லொறியின் முன்பக்கத்தில் அப்பா, நான், சித்தப்பா. சித்தப்பாதான் சொன்னார். மூன்று பேரும் நனைந்த வாசலில் நெருப்புக்கு வழியில்லாமல் நின்றபோது, லொறிக்குள் இருந்த அப்பா இறங்கி வந்தாராம். லொறியில் கிடந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்து, ஒருவரை மேலே மழைக்கு லொறிப் படங்கைப் பிடிக்கச் சொல்லி, கீழே பற்ற வைத்தாராம். காவலாளி சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தபோது, "பொட்டக் இன்ன மஹத்தயா, பெரேட்ட சீத்தலய்" என்றாராம். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, மேளத்துக்குக் குளிர்கிறது. காவலாளி யோசித்துவிட்டு, தன் குடையையும் கொண்டுவந்து பிடித்தாராம். பிறகு அப்பா சித்தப்பாவின் கையிலிருந்து தப்பை வாங்கி, தானே நெருப்பில் காட்டிக் காட்டித் தட்டிப் பார்த்தாராம், தோல் இறுகும் வரை. கதவு வழியாக நான் கேட்ட அடி ஒவ்வொன்றும் அப்பாவுடையது.

"பதினெட்டு வருசமா தொடாத கை, எப்புடித் தட்டுச்சு தெரியுமா" என்றார் சித்தப்பா. அப்பா கண்ணாடித் துடைப்பானைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். கொஞ்சத் தூரம் போனபிறகு, "இந்தத் தடவ நாங்களாத்தான் வெளிய வந்தோம்" என்றார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஒரு மூட்டைகூட அதிகமாகச் சொல்லாத குரல். உடனே என் பக்கம் திரும்பி, "ஆனா மகன், அந்த மேடம் சொன்னிச்சாமே, நீதான் எங்கள வெளிய அனுப்பினன்னு. அப்புடியா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பசிக்குது, ரொட்டி கட வந்தா நிப்பாட்டுங்க" என்றேன். நிறுத்தினார். சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

மகனே, இரண்டு இசையைக் கலப்பது எப்படி என்று நாளைக்கு யாராவது என்னைப் பேட்டி எடுத்தால் பெரிதாக எதையாவது சொல்லுவேன். உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். எதற்கு எப்போது குளிரும் என்று தெரியாமல் எதையும் பக்கத்தில் உட்கார வைக்காதே. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை, தெரிந்தவர்கள் கேட்டபோதும் காது கொடுக்கவில்லை. இப்போது பென்சிலால் அந்த நான்கு நிமிடத்தை இசைக்குறிப்புக்குள் நுழைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது, இடமும் கிடைத்துவிடும். ஆனால் அதை நான் எழுதியதாக ஆக்கினால், அப்பாவை வெளியே அனுப்பியவனும் நான்தான் என்று ஆகிவிடும். அதனால் சுரம் எதையும் அழிக்கவில்லை. ஏழாவது நிமிடத்துக்கு மேலே, "இந்த இடத்தில் தோல் தளர்ந்தது. சித்தப்பா காய்ச்சப் போனார். வெளியே தட்டியவர் என் அப்பா. உள்ளே தொடர்ந்தவர் திலினி" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். கீழே வேறு நிறத்தில், தோல் காயும் வரை காத்திருக்கவும், இனி எப்போதும், என்று ஒரு குறிப்பு. அதுதான் இந்தப் படைப்பில் நான் சரியாக எழுதிய ஒரே வரி. சற்று முன்பு அப்பாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். "வெள்ளிக்கிழம லொறி கொழும்புக்கு மிளகு ஏத்திப் போகுது, முன்னால ஏறிக்க. அந்த மேடம் கேட்டா, தோல் எப்புடிக் காயுதுன்னு நான் உள்ள வந்து சொல்றேன்." உள்ளே வந்து என்றார், மகனே. இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அன்று எடுத்த படம் ஒன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும், நீ பார்த்திருப்பாய். கையை உயர்த்தி, அமைதியையே நடத்திக்கொண்டிருப்பவன்போல நிற்பேன். உன்னிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அப்போது நான் எதையும் நடத்தவில்லை. மேடையில் நின்றுகொண்டு, கலேவெல பஸ்ஸுக்குக் கை காட்டுவதுபோல, "சித்தப்பா, போகாதீங்க" என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். பஸ் நிற்கவில்லை.